நீந்தத் தொடங்கிவிட்டால் நரம்பு வளர்ந்துவிட்டதாகப் பொருளா? தண்டுவட மீட்சியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாடையற்ற மீனான லாம்ப்ரேயின் தண்டுவடம் முழுவதுமாக அறுக்கப்பட்டாலும் 10 முதல் 12 வாரங்களில் அது மீண்டும் நீந்துகிறது. வளர்ந்த வரிக்குதிரை மீனுக்கு 6 முதல் 8 வாரங்கள் போதும். இந்த ஆய்வுகளை எடுத்துச் சொல்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, ‘விலங்கு நீந்துகிறது’ என்பதையும் ‘அறுந்த நரம்புகள் பழையபடி வளர்ந்துவிட்டன’ என்பதையும் ஒரே செய்தியாகக் கொள்வதாகும். முன்னது கண்ணால் பார்த்து அறிவது. பின்னதைத் தனியாக மெய்ப்பிக்க வேண்டும்.

லாம்ப்ரேயிலேயே இதைத் தெளிவாகக் காணலாம். அதன் மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்பு செல்கள் மிகப் பெரியவை. ஒவ்வொரு விலங்கிலும் அதே இடத்தில் அமைந்திருப்பதால், அவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி அடையாளம் காண முடிகிறது. அறுப்புக்குப் பின் இவை அனைத்தும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சில செல்களின் ஆக்ஸான்கள், அதாவது செல்லிலிருந்து நீளும் நரம்பிழைகள், காயத்தைத் தாண்டி வளர்கின்றன. இப்பெரிய செல்களில் மௌத்னர் செல்லும் மியூலர் செல்களில் சிலவும் பெரும்பாலும் வளர்வதில்லை, வளராதவற்றில் பல பிற்பாடு மெல்ல இறந்தும் போகின்றன. தாண்டிச் செல்லும் ஆக்ஸான்களும் தங்கள் பழைய தொலைதூர இலக்குகளை எட்டாமல், பெரும்பாலும் காயத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே அவை பிற நரம்பு செல்களோடு அமைக்கும் இணைப்புகளான சினாப்ஸ்களும் எண்ணிக்கையில் குறைந்தவை. அப்படியிருந்தும் விலங்கு நீந்துகிறது என்பதுதான் இதில் உண்மையிலேயே வியப்புக்குரியது. ‘முழுமையாகக் குணமடைந்தது’ என்று எழுதும்போது அந்த வியப்பே மறைந்துபோகிறது.

காரணம், நீச்சலின் தாளத்தை உருவாக்கும் நரம்பு வலையமைப்பு தண்டுவடத்துக்குள்ளேயே, காயத்துக்குக் கீழும் இருக்கிறது. மேலிருந்து ஒவ்வோர் அசைவுக்கும் கட்டளை வரத் தேவையில்லை. அதைத் தூண்டிவிட்டு, முன்பகுதியோடு இசையச் செய்தால் போதும். மேலும், லாம்ப்ரேயின் தண்டுவட ஓரத்தில் உடல் வளைவதை உணரும் செல்கள் உள்ளன. எனவே முன்பகுதி வளைந்து பின்பகுதியை இழுக்கும்போது, ஓர் ஆக்ஸான்கூடக் கடக்காத நிலையிலும் பின்பகுதி ஓரளவு தாளத்தோடு அசையக்கூடும். அவசரக்காரர் அதையே மீட்சி என்று குறித்துவிடுவார்.

இதனால்தான் கவனமான ஆய்வுகளில் நீச்சலைப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. காயத்துக்கு அப்பால் சாயம் இட்டு, அது மூளையில் எந்தெந்த செல்களைச் சென்றடைகிறது என்று எண்ணுகிறார்கள். மீண்ட விலங்கின் தண்டுவடத்தை அதே இடத்தில் மறுபடி அறுத்து, நீச்சல் போகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் மறு அறுப்பில் நீச்சல் நின்றுபோனால், இணைப்பு அவ்வழியே சென்றது என்று மட்டுமே தெரியும். அது புதிதாக வளர்ந்ததா, முதல் அறுப்பில் தப்பிப் பிழைத்ததா என்பது தெரியாது. ஆகவே முதல் அறுப்பு முழுமையானதுதான் என்று உறுதிசெய்யப்பட்டதா என்பதே ஆய்வறிக்கையில் நான் முதலில் தேடும் வரி.

குஞ்சில் கண்டதை வளர்ந்த மீனுக்கும் பொருத்திவிடுவது அடுத்த தவறு. வளர்ந்த வரிக்குதிரை மீனில் காயத்தின் இரு முனைகளையும் நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் பாலமாக இணைப்பதையும், அதற்குச் சிடிஜிஎஃப்ஏ என்ற மரபணு தேவைப்படுவதையும் 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்து சில நாளே ஆன குஞ்சிலோ, அத்தகைய பாலம் இல்லாமலும் ஆக்ஸான்கள் காயத்தைக் கடக்கின்றன. மீட்சியும் சில நாள்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதேபோல், நீரில் வாழும் சாலமாண்டர் வகையான ஆக்ஸலாட்டிலின் வால் வெட்டப்பட்ட பின் புதிய தண்டுவடம் முளைப்பது வேறு, அறுந்த தண்டுவடத்தின் இரு பகுதிகள் மீண்டும் இணைவது வேறு. வால் வெட்டப்பட்டதில் இணைவதற்குக் கீழ்ப்பகுதியே கிடையாது.

நீரில் வாழ்வதே இத்திறனுக்குக் காரணம் என்று நினைப்பதும் பிழை. ஆப்பிரிக்க நகத் தவளை வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கிறது. ஆயினும் தலைப்பிரட்டையாக இருக்கும்போது உள்ள இத்திறன், உருமாற்றத்துக்குப் பின் அதனிடம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. நீரிலேயே வாழும் டால்பினும் திமிங்கிலமும், இத்திறன் இல்லாத பாலூட்டி இனத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

பாலூட்டிகளில் ஏன் இது நடப்பதில்லை என்ற கேள்விக்கு, ஆக்ஸானைச் சுற்றியுள்ள கொழுப்புறையான மயலினையோ காயத்தில் உண்டாகும் தழும்பையோ மட்டும் குற்றவாளியாக்கும் விளக்கத்தையும் தவிர்க்க வேண்டும். மயலின் ஆக்ஸான் வளர்ச்சியைத் தடுப்பது பாலூட்டிகளில் மெய்தான். லாம்ப்ரேயில் மயலினே இல்லை என்பதும் அதற்குப் பொருந்திவருவதுபோலத் தோன்றும். ஆனால் வரிக்குதிரை மீனில் மயலின் இருக்கிறது, ஆக்ஸான்களும் வளர்கின்றன. தழும்பைப் பொறுத்தவரை, எலிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா வகைச் செல்களாலான தழும்பு உருவாகாமல் தடுத்தும் ஆக்ஸான்கள் தாமாக வளரவில்லை. வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்துத் தூண்டியபோது, தழும்பு இருந்த எலிகளில்தான் நன்றாக வளர்ந்தன.