மர எரிபொருள் கூட்டுத்தொழில்: கையெழுத்துக்கு முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வட்டாரத்தில் காடு இருக்கிறது. வெட்டு முடிந்தபின் கிளையும் நுனியும் அங்கேயே கிடக்கின்றன. பக்கத்திலேயே வெப்பம் தேவைப்படும் ஆலையும் மருத்துவமனையும் இருக்கின்றன. காட்டின் உரிமையாளர்கள், வெட்டு ஒப்பந்தக்காரர்கள், லாரிக்காரர்கள், பாய்லர் நடத்துபவர்கள் என எல்லோரையும் கூட்டி ஒப்பந்தம் போட்டுவிட்டால் தொழில் ஓடிவிடும் என்று தோன்றும். ஆனால் எதை அளந்து பணம் கொடுப்பது, நட்டம் வந்தால் யார் ஏற்பது என்ற இரண்டையும் தெளிவாக எழுதாத கூட்டு, இயந்திரங்கள் நன்றாக இருந்தாலும் நின்றுபோகும். கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே கிளைக்கின்றன.

டன் கணக்கில் விலை பேசுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். முற்றிலும் காய்ந்த மரம் எரிந்தால் கிலோவுக்குச் சுமார் 19 மெகாஜூல் வெப்பம் தரும். ஈரப்பதம் 30 சதவீதமானால் அது 12.6 ஆகக் குறையும். 50 சதவீதமானால் 8.3 தான் மிஞ்சும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 சதவீத ஈரமுள்ள 100 டன் மரத்தைக் காயவைத்து 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை 71 டன்னாகிவிடும். அதிலிருந்து கிடைக்கும் வெப்பமோ 230 மெகாவாட்-மணியிலிருந்து (ஒரு மெகாவாட்-மணி என்பது 3,600 மெகாஜூல்) சுமார் 249 ஆக உயரும். டன்னுக்கு விலை வைத்திருந்தால், நல்ல சரக்கு கொடுத்தவருக்கு 29 சதவீத வருமானம் போயிற்று. பச்சை மரத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டியவருக்கு முழுப் பணம். பிறகு யார் காயவைப்பார்கள்?

ஆகவே விலையை மெகாவாட்-மணிக்கு வையுங்கள். அதற்கு எடைமேடையும் ஈரப்பதச் சோதனையும் போதும். சில்லு, அதாவது எரிக்கச் சிறு துண்டுகளாக வெட்டிய மரம், கொட்டப்படும்போதே வெவ்வேறு இடங்களிலிருந்து மாதிரி எடுத்துக் கலக்க வேண்டும். லோடின் மேற்பரப்பிலிருந்து மட்டும் அள்ளினால் வெயிலும் மழையும்தான் அளவில் தெரியும். மாதிரியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, குறைந்தது 300 கிராமை 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேற்கொண்டு குறையாத வரை வைத்து நிறுத்துப் பாருங்கள். கையடக்க மீட்டர் சரக்கைத் தோராயமாகப் பார்க்க உதவும்; பணம் கொடுக்க அதை நம்பக்கூடாது. தகராறு வந்தால் சோதிக்க, மாதிரியின் ஒரு பாதியை முத்திரையிட்டு வைப்பதும் அவசியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரவேலைக்காரர்கள் ஈரப்பதத்தை உலர் மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். எரிபொருள்காரர்கள் மொத்த எடையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஒரே மரம் ஒருவருக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 50 சதவீதம். “ஈரப்பதம் மொத்த எடையின் அடிப்படையில்” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் பல மாதச் சண்டை மிச்சம்.

காட்டில் உள்ளதெல்லாம் கைக்கு வரும் என்று எண்ணுவது

ஆண்டுக்கு இவ்வளவு டன் கிடைக்கும் என்று வரைபடம் காட்டும். அதில் செங்குத்துச் சரிவு, பாதை இல்லாத பகுதி, விற்க மனமில்லாத உரிமையாளர், பேப்பர் மில்லும் பலகை ஆலையும் கூடுதல் விலை கொடுத்து எடுக்கும் மரம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அதே வட்டாரத்தில் இரண்டு திட்டங்கள் ஒரே காட்டைத் தங்கள் கணக்கில் காட்டுவதும் நடக்கும். மர அறுவை ஆலைக் கழிவை மட்டும் நம்புவது இன்னும் ஆபத்து. கட்டுமானத் தொழில் படுத்தால் அறுவையும் குறையும், மரத்தூளும் பட்டையும் அதோடு சேர்ந்து குறையும். உங்கள் பாய்லருக்கோ குளிர்காலத்தில் அப்போதும் அதே பசிதான்.

தேவையைத் துல்லியமாகப் போடுவது கடினமில்லை. 1 மெகாவாட் பாய்லர் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் முழுத்திறனில் ஓடுவதற்கு ஈடாக இயங்கி, 85 சதவீதத் திறன் தந்தால், அதற்கு 30 சதவீத ஈரச் சில்லு சுமார் 1,350 டன் தேவை. சில்லு 50 சதவீத ஈரமானால் 2,000 டன்னைத் தாண்டும். எத்தனை லாரி, எவ்வளவு பெரிய கிடங்கு என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில் மாறிவிடும்.

பாய்லரை முதலில் வாங்கிவிட்டு எரிபொருள் தேடுவது

25–30 சதவீத ஈரத்துக்கென வடிவமைத்த சிறிய பாய்லரில் பச்சைச் சில்லு போட்டால் எரியறை குளிரும், புகை கக்கும், தார் படியும். இதற்கு நேர்மாறான தவறைப் பலர் யோசிப்பதே இல்லை. ஈரச் சில்லுக்கென வடிவமைத்த பெரிய நகரும் தட்டு பாய்லரில் (எரிபொருளை அசையும் தட்டு மெல்ல நகர்த்தி எரிக்கும் வகை) நன்கு காய்ந்த சரக்கு போட்டால் வெப்பம் எல்லை மீறி, உட்சுவர்ச் செங்கலில் விரிசல் விழும், சாம்பல் உருகிக் கட்டியாகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மண்ணோடு இழுத்துவந்த கிளைகளும் இதே கட்டியைத்தான் உண்டாக்கும். சுத்தமான அடிமரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் குறைவு. பட்டையும் மண்ணும் சேரச்சேரப் பல மடங்காகும்.

“நல்ல சில்லு” என்று எழுதாதீர்கள். திட எரிபொருளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17225-இல் துகள் அளவு, ஈரப்பதம், சாம்பல் ஒவ்வொன்றுக்கும் வகுப்புகள் உள்ளன. உங்கள் பாய்லருக்கு உரியதை எடுத்து ஒப்பந்தத்தில் வையுங்கள். நீளத் தும்பு எவ்வளவு வரலாம் என்பதும் அதில் இருக்கட்டும். மரத்தைச் சில்லாக்கும் இயந்திரமான சிப்பரின் கத்தி மழுங்கினால் சில்லு வெட்டுப்படாமல் நீளநீளமாகக் கிழியும். விரல் நீளத்தைத் தாண்டிய சில குச்சிகள் பாய்லருக்குச் சில்லைத் தள்ளும் திருகுக் கடத்தியில் குறுக்கே விழுந்தால் போதும், நள்ளிரவில் பாய்லர் நின்றுவிடும். கத்தி தீட்டும் செலவு யாருடையது என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் யாரும் தீட்டமாட்டார்கள்.

சில்லாக்கிக் குவித்து வைப்பது

மரத்தைக் கட்டையாகவே பாதையோரம் வெயிலும் காற்றும் படும்படி, அடியில் குறுக்குக் கட்டை கொடுத்து அடுக்கிக் காயவிடுங்கள்; தேவைப்படும்போது சில்லாக்குங்கள். வட ஐரோப்பாவில் அடுக்கின்மேல் தனி வகைக் காகிதம் போர்த்துகிறார்கள். பின்பு அதையும் சேர்த்தே சில்லாக்கிவிடலாம்.

ஈரச் சில்லுக் குவியல் நுண்ணுயிர்களால் தானாகவே சூடேறும். மாதத்துக்குச் சில சதவீத மரம் அப்படியே கரைந்துபோகும், முற்றினால் தீப்பிடிக்கும். 7 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மேலே இயந்திரம் ஏற்றி அமுக்காதீர்கள், காய்ந்ததும் பச்சையும் ஒரே குவியலில் கலக்காதீர்கள்.

சிப்பரும் லாரியும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதும் இங்கேயே தீர்க்க வேண்டிய விஷயம். சிப்பர் நேராக லாரியில் சில்லை ஊதும் முறையில், லாரி ஒரு மணி நேரம் தாமதித்தால் விலையுயர்ந்த சிப்பர் சும்மா நிற்கும். காத்திருப்புக் கட்டணத்தை எழுதிவைத்தால் இருவரும் நேரத்தை ஒழுங்காகப் பேசிக்கொள்வார்கள்.

எரிபொருளை மட்டும் விற்பது

பின்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் காட்டுக்காரர்கள் குழுவாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து சில்லை அல்ல, வெப்பத்தையே விற்கிறார்கள். பாய்லரைக் கவனிப்பதும் அவர்களே, பணம் வருவதும் வெப்ப மீட்டர்படி. நல்ல சரக்கு போட்டால் லாபம் அவர்களுக்கே நிற்பதால் தரத்துக்குத் தனியே காவல் வேண்டியதில்லை. எங்கள் பார்வையில் சிறிய வட்டாரங்களுக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. உச்சத் தேவை முழுவதையும் மர பாய்லரே தாங்க வேண்டும் என்று பெரிதாக வாங்க வேண்டாம். உச்சத்தில் பாதி, அல்லது சற்றே கூடுதல் அளவுள்ள பாய்லரே ஆண்டு வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தந்துவிடும். மீதிக்கு வேறொரு துணை பாய்லர் போதும்.

கடன் 15 ஆண்டு, எரிபொருள் ஒப்பந்தம் 2 ஆண்டு என்றால் வங்கி ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டாலும் அது உங்களுக்கு நல்லதல்ல. நீண்ட ஒப்பந்தமும், டீசல் விலை, கூலி ஆகியவற்றோடு சேர்ந்து மாறும் விலைச் சூத்திரமும் வேண்டும்.

காட்டுத் தரையைத் துடைத்தெடுப்பதும் கிடங்கை மறப்பதும்

மரத்தின் சத்து பெரும்பாலும் இலையிலும் சிறு கிளையிலும்தான். அவை உதிரும்வரை வெட்டிய இடத்திலேயே கிளைகளைக் கிடத்துங்கள். மூன்றில் ஒரு பங்கை எப்போதும் அங்கேயே விடுங்கள்.

பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை) கிடங்குகளில் கார்பன் மோனாக்சைடு வாயு தானாகவே உருவாகும். வாசனை கிடையாது, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டம் விட்டு, வாயு மீட்டரில் அளந்து, வெளியே இன்னொருவர் நிற்கும்போது மட்டுமே உள்ளே இறங்க வேண்டும். பல நிறுவனத்து ஆட்கள் வந்துபோகும் கிடங்கில் இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எளிதில் விட்டுப்போகும். கிடங்குச் சாவியும் மீட்டரும் ஒரே ஆளிடம் இருக்கட்டும். அவர் பெயர் ஒப்பந்த இணைப்பிலும் கிடங்குக் கதவிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.