பழைய மேனுவல் வைட் ஆங்கிள் லென்ஸை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? முடிவெடுக்க ஒரு செய்முறை

24 அல்லது 28 மி.மீ. பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் (பழைய லென்ஸையும் புதிய கேமராவையும் இணைக்கும் வளையம்) போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டியாகிவிட்டது. படத்தின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கிறது, மூலைகள் குழைந்து கிடக்கின்றன. "லென்ஸ் பழசு, அப்படித்தான் இருக்கும், புதுசு வாங்கணும்" என்றுதான் யாருக்கும் தோன்றும். லென்ஸ் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அடாப்டர் ஒரு மயிரிழை குட்டையாக இருந்தாலும் படம் இதே மாதிரிதான் வரும். எது காரணம் என்று பிரித்துத் தெரிந்துகொண்ட பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

அபெர்ச்சர் வளையம், ஃபோகஸ் மேக்னிஃபையர், ரா ஃபைல் எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

தேவையானவை: ட்ரைபாட், சிறிய எல்இடி டார்ச், டிஜிட்டல் வெர்னியர் காலிபர், அதே அடாப்டரில் பொருந்தும் இன்னொரு லென்ஸ் (50 மி.மீ. இருந்தால் போதும்). 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கிடைத்தால் காலிபரை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே 0.05 மி.மீ. வித்தியாசம்கூடக் கணக்கில் வரும், சாதாரண காலிபரின் துல்லியம் அதற்கு மட்டுமட்டு.

படி 1: டார்ச் அடித்துப் பார்ப்பது

அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் விட்டுவிடுங்கள், எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும். முன் கண்ணாடியில் மெல்லிய கீறலும் பெரிய பிரச்சினை இல்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம். உள்ளே பால் போன்ற மங்கல் படலமோ, வேர் போலக் கிளைவிடும் பூஞ்சையோ, ஒட்டிய கண்ணாடிகளின் விளிம்பில் வானவில் நிறப் பிரிவோ தெரிந்தால் கீழே உள்ள சோதனைகள் எதுவும் லென்ஸின் உண்மையான தரத்தைக் காட்டாது. படலத்தையும் பூஞ்சையையும் பெரும்பாலும் துடைத்துச் சரிசெய்யலாம். ஒட்டு பிரிந்த லென்ஸுக்கு மெனக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

படி 2: அடாப்டர்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. நிதானமாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸ் கேமராவில் மாட்டும் அமைப்பு) லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து சென்சார் வரை ஒரு நிர்ணயித்த தூரம் உண்டு. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., எம்42 45.46, ஒலிம்பஸ் ஓஎம் 46, கேனான் எஃப்டி 42, மினோல்டா எஸ்ஆர் 43.5. கேமரா பக்கம் சோனி இ 18, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. இரண்டையும் கழித்தால் அடாப்டர் இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். நிக்கான் எஃப் லென்ஸை சோனி இ கேமராவில் மாட்ட 28.5 மி.மீ. வேண்டும்.

மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்கிறார்கள். நீளம் கூடினால் இன்ஃபினிட்டிக்கு (மிகத் தூரத்துப் பொருளுக்கு) ஃபோகஸே வராது, வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். குறைந்தால் ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டி குறியை எட்டும் முன்பே தூரத்துப் பொருள் கூர்மையாகிவிடும், யாரும் புகார் சொல்வதில்லை.

வைட் ஆங்கிள் லென்ஸில் இந்தக் குறைவு பெரிதாக அடிக்கும். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: குவியத் தூரத்தை (லென்ஸின் 24, 28, 50 மி.மீ. எண்) அதனாலேயே பெருக்கி, அடாப்டரின் குறைவால் வகுங்கள். தூரத்துப் பொருள் கூர்மையாகும்போது வளையம் காட்டும் தூரம் தோராயமாக அதுதான். குறைவு 0.2 மி.மீ. என்றால் 50 மி.மீ. லென்ஸில் வளையம் 12.5 மீட்டர் அருகில் நிற்கும், 28-இல் 3.9 மீட்டரில், 24-இல் 2.9 மீட்டரில். மலையைப் பார்த்து ஃபோகஸ் செய்கிறீர்கள், லென்ஸோ மூன்று மீட்டருக்கான நிலையில் இருக்கிறது.

சாதாரண லென்ஸில் இதனால் படம் கெடாது. உள்ளே உள்ள கண்ணாடிகள் எல்லாம் ஒரே தொகுதியாக நகர்வதால் தூர அளவுகோல் மட்டும் பொய் சொல்லும், மிக அருகில் ஃபோகஸ் செய்யும் எல்லை சற்றுத் தள்ளிப்போகும். பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பல நல்ல வைட் லென்ஸ்களில் ஃபோகஸ் திருப்பும்போது கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையிலான இடைவெளியும் மாறும். அருகில் எடுக்கும்போது மூலைகள் கெடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நிக்கான் இதை சி.ஆர்.சி. என்று அழைத்தது, 1967-இல் 24 மி.மீ. எஃப்/2.8 நிக்கோரில் முதலில் கொண்டுவந்தது. 28 மி.மீ. எஃப்/2.8-இன் ஏஐ-எஸ் பதிப்பில் இது உண்டு, அதற்கு முந்தைய ஏஐ பதிப்பில் கிடையாது. மினோல்டாவின் 24 மி.மீ. எஃப்/2.8-இலும் இதே ஏற்பாடு. இப்படிப்பட்ட லென்ஸை குட்டை அடாப்டரில் மாட்டினால் இன்ஃபினிட்டியில் எடுக்கும்போது உள் இடைவெளி மூன்று மீட்டருக்கானதாக இருக்கும். நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது, மூலைகள் குழையும். தப்பே செய்யாத லென்ஸ் பழி சுமக்கும்.

சரிபார்க்கும் விதம்:

1. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கோபுரம் அல்லது கட்டடத்தின் மேல், மேக்னிஃபையர் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் எந்தத் தூரத்தைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 24 மி.மீ. லென்ஸ் 3 மீட்டரைக் காட்டினால் 576-ஐ (24 × 24) 3000-ஆல் வகுக்க 0.19 மி.மீ. குறைவு.

3. அதே அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸை மாட்டி மறுபடி செய்யுங்கள். அது சுமார் 13 மீட்டரைக் காட்டினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன, குற்றவாளி அடாப்டர். 50 சரியாக இன்ஃபினிட்டி குறியில் நின்றால் வைட் லென்ஸை யாரோ முன்பு பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. அடாப்டரை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். காலிபரின் தாடை தட்டையான தளத்தில் உட்கார வேண்டும், மவுண்டின் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களில் உட்கார்ந்தால் அளவு பொய்யாகும். நான்கு அளவுகளுக்குள் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடாப்டர் சாய்ந்திருக்கிறது. எஃப்/2.8-இல் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகும். சாய்ந்த அடாப்டரோடு போராட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

குட்டையாக மட்டும் இருந்தால் ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். லென்ஸ் பக்க வளையத்தின் திருகுகளைக் கழற்றி, அதன் அடியில் 0.05 அல்லது 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வையுங்கள். காகிதம் வேண்டவே வேண்டாம், திருகை முடுக்க முடுக்க நசுங்கிக்கொண்டே போகும். வளையத்தைத் தூக்கும்போது பூட்டு ஊசியின் ஸ்பிரிங் துள்ளி ஓடும், அதனால் விளிம்புள்ள தட்டில் வைத்துப் பிரியுங்கள். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கணக்கில் வந்ததைவிட 0.02 மி.மீ. குறைவாகவே நிரப்புங்கள். சூட்டில் உலோகம் விரியும்போது இன்ஃபினிட்டி கைவிட்டுப் போகாமல் இருக்க அந்த இடம் வேண்டும்.

படி 3: சோதனைப் படங்கள்

அருகில் உள்ள செங்கல் சுவரைப் படம் எடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். வைட் லென்ஸுக்கு அது ஒத்துவராது. கேமரா அரை டிகிரி கோணலாக நின்றாலும் லென்ஸ் சாய்ந்தது போலத் தெரியும். அருகில் நன்றாக இருந்தால் தூரத்திலும் நன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தூரத்தில் நுணுக்கம் நிறைந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். காலை நேரம் நல்லது, வெயில் ஏறினால் கானல் அசைவே படத்தைக் குழைத்துவிடும். குறைந்த ஐஎஸ்ஓ, 2 விநாடி டைமர், ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ரா. முழுத் திறப்பில் நடுவில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் எஃப்/2.8, 4, 5.6, 8, 11 என்று எடுங்கள். பிறகு கேமராவைத் திருப்பி, அதே பொருளை நான்கு மூலைகளிலும் வைத்து எஃப்/2.8-இலும் 8-இலும் எடுங்கள். கடைசியாக, பொருளை ஒரு மூலையில் வைத்து அந்த மூலையிலேயே மேக்னிஃபையரைக் கொண்டுபோய் மறுபடி ஃபோகஸ் செய்து ஒரு படம். இந்தக் கடைசிப் படத்தை மறந்துவிடாதீர்கள், பாதி முடிவு அதில்தான் இருக்கிறது.

படி 4: படங்களைப் படிப்பது

மூலையில் ஃபோகஸ் செய்த படத்தில் மூலை கூர்மையாகிவிட்டால் அது ஃபீல்டு கர்வேச்சர், அதாவது கூர்மை விழும் தளம் வளைந்திருக்கிறது. லென்ஸ் பழுதில்லை. நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸ் செய்து எஃப்/8-க்குப் போனால் பெரும்பாலும் முழுப் படமும் அடங்கிவிடும்.

நான்கில் ஒரு மூலை அல்லது ஒரு பக்கம் மட்டும் மோசம் என்றால் டீசென்டரிங், ஏதோ ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. ஆனால் 50 மி.மீ. லென்ஸை அதே அடாப்டரில் அதே எஃப் எண்ணில் வைத்து எடுத்து, அதிலும் அதே மூலை மங்கினால் காரணம் அடாப்டர் அல்லது கேமரா. உங்கள் கேமராவுக்கே உரிய லென்ஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

நான்கு மூலைகளும் சமமாகக் குழைந்து, எஃப்/8-இல் தெளிந்தால் அந்தக் காலத்து வடிவமைப்பின் இயல்பு அது. எஃப்/8-இலும் தெளியவில்லை என்றால்தான் லென்ஸ் உண்மையிலேயே தோற்றது.

மூலையில் கிளைகளின் ஓரம் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதை மென்பொருளில் ஒரு டிக் போட்டு நீக்கலாம். ஓர இருட்டும் அப்படியே. இரவு விளக்குகள் மூலையில் பறவைச் சிறகு போல விரிவதற்கு (கோமா) மென்பொருளில் மருந்தில்லை.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான (லைக்கா எம் போன்ற, உள்ளே ஆடி இல்லாத வகை) வைட் லென்ஸ்கள் தனி ரகம். அவற்றின் பின் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வருவதால், சென்சார் மேலுள்ள கண்ணாடிப் படலத்தின் வழியே ஒளி பெரும் சாய்வில் பாய்ந்து மூலைகள் இழுபடும். ஷிம் எதுவும் உதவாது.

படி 5: முடிவு

நட்சத்திரங்களை எஃப்/2.8-இல் எடுப்பவரா? யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள். இந்த ஒரு வேலையில் புதிய லென்ஸ்கள் பழையவற்றை வெகுதூரம் தாண்டிவிட்டன. ஓடும் குழந்தைகளை எடுக்கிறீர்கள் என்றால் ஆட்டோஃபோகஸுக்காக மாற்றலாம், கூர்மைக்காக அல்ல. சூரியனைப் படத்துக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் புதிய பூச்சுகள் நிச்சயம் உதவும்.

எஃப்/8 முதல் 11 வரை நிலக்காட்சி எடுப்பவருக்கு, படி 4-இல் லென்ஸ் தேறிவிட்டால் மாற்றக் காரணம் இல்லை. சந்தேகம் இருந்தால் படத்தை நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) சுமார் 50 செ.மீ. அகல அச்சு வரை போகும். ஏ4-க்கு மேல் அச்சிடாதவர் 100 சதவீதத்தில் மூலையைப் பெரிதாக்கிக் கவலைப்படுவது வீண்.

ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) என்றால் கேள்வியே வேறு. 28 மி.மீ. அங்கே 42 மாதிரி நடந்துகொள்ளும், வைட் ஆங்கிளே கிடையாது. அகலம்தான் வேண்டும் என்றால் சோதனையே இல்லாமல் மாற்றலாம். அளவு சிறியது என்பதற்காகப் பழையதை வைத்திருப்பவர்கள் அடாப்டரையும் சேர்த்து அளந்து பாருங்கள். 28.5 மி.மீ. கூடினால் பல புதிய லென்ஸ்களின் நீளமே வந்துவிடும்.

மாற்றுவதாக இருந்தால் இன்னொரு பழைய மேனுவல் லென்ஸுக்குத் தாவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. டீசென்டரிங், படலம், அடாப்டர் என்று அதே சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். கேமராவின் சொந்த மவுண்டில் வரும் புதிய மேனுவல் லென்ஸ் நல்ல நடுவழி.

சேர்க்கை

அடாப்டர் மாட்டியதும் ஷட்டரே அடிக்கவில்லை என்றால் மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்ற வசதியை அனுமதியுங்கள்.

சோதனை நன்றாக வந்து, கையில் பிடித்து எடுத்தால் மட்டும் படம் குழைகிறதா? உள் ஸ்டெபிலைசேஷனில் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும். முன்பு மாட்டிய 50 மி.மீ. எண் அப்படியே இருந்தால் சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து படத்தைக் கெடுக்கும்.

எதிர்வெயிலில் படத்தின் நடுவில் வெளுத்த திட்டு வந்தால் அடாப்டரின் உட்சுவரைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை உள்ளே ஒட்டி, ஹுட் மாட்டி மறுபடி எடுங்கள். அதன் பிறகும் வெளுப்பு இருந்தால் அது லென்ஸின் பூச்சு. ஒட்டும்போது மவுண்டின் மின்முனைகளையும் பூட்டு ஊசியையும் தாள் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாளின் விளிம்பு சென்சார் சட்டத்துக்குள் நீட்டினால் மூலைகள் கறுத்துவிடும்.