ரோட்டரி எஞ்சின் கார் ஸ்டார்ட் ஆகாதபோது: மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு

பிஸ்டன் எஞ்சினில் பழகிய கை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகும். பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டார் எனும் முக்கோணத் துண்டு சுழலும் ரோட்டரி எஞ்சினில் அந்தப் பழக்கமே கோளாற்றைப் பெரிதாக்கிவிடும். 2003 முதல் 2012 வரை தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை முன்வைத்து இதை எழுதுகிறேன். அதில் உள்ள ரெனிசிஸ் எஞ்சினில் அறைக்கு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டார்களும், ரோட்டாருக்கு இரண்டு வீதம் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் இருக்கின்றன. மாஸ்டாவின் பழைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் ஏறத்தாழ இவைதான். அளவுகள் மட்டும் வேறுபடும்.

முதலில் சாவியை ஒரே ஒரு முறை, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரு தட்டல் மட்டும் கேட்கிறது என்றால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கிளட்சை அடிவரை மிதித்தீர்களா, சாவியை அடையாளம் காணும் பாதுகாப்பு விளக்கு மீட்டரில் மின்னிக்கொண்டே இருக்கிறதா, பேட்டரி முனைகளில் பூஞ்சைபோல் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் அதை அலட்சியமாக விடக்கூடாது. பிஸ்டன் எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் பல நேரம் பிடித்துக்கொள்ளும், ரோட்டரி பிடிக்காது. ரோட்டாரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்களை, அதாவது காற்று கசியாமல் தடுக்கும் பட்டைகளை, காற்றழுத்தம் ஏறும் வரை, மெல்லிய ஸ்பிரிங்கும் எண்ணெய்ப் படலமுமே அறையின் சுவரோடு ஒட்டி நிறுத்துகின்றன. சுற்று மெதுவானால் அழுத்தம் ஏறுவதற்குள் காற்று கசிந்துவிடும். தொடக்க கால ஆர்எக்ஸ்-8 கார்களில் இருந்த செல்ஃப் மோட்டாரைவிட வலுவான மோட்டாரை மாஸ்டா பின்னாளில் பொருத்தியது இதனால்தான். பழைய மோட்டார் உள்ளவர்கள் வேறு எதற்கும் செலவழிக்கும் முன் அதை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், முந்தைய முறை காரை எப்படி நிறுத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கழுவுவதற்காகக் கொட்டகையிலிருந்து பத்தடி வெளியே எடுத்து, அரை நிமிடத்தில் அணைத்திருந்தால் விடை அநேகமாக அதுவேதான். குளிர்ந்த எஞ்சினுக்குக் காரின் கணினி பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். சூடேறும் முன் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் சீல் ஒட்டாது. சீல் ஒட்டாவிட்டால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாததால் நீங்கள் சாவியைத் திருகும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் சேர்கிறது. இதைத்தான் ஃப்ளட் ஆகிவிட்டது என்கிறோம். சைலன்சர் பக்கம் போனால் பெட்ரோல் வாடை மூக்கில் அடிக்கும். செல்ஃப் சத்தமும் வழக்கமான அழுத்தமான தாளம் இழந்து, மிக்ஸி வெறும் ஜாரில் ஓடுவதுபோல் லேசாகிவிடும்.

அப்போது முதல் மருந்து எளியது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி வரை செல்ஃப் அடியுங்கள். மிதி முழுதும் அழுந்தியிருந்தால் கணினி பெட்ரோல் ஊற்றுவதை நிறுத்திவிடும்; காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை வெளியேற்றும். பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல் முயலுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இதைச் செய்யாமல், இடையில் செல்ஃப் மோட்டார் ஆற ஒரு நிமிடமாவது விடுங்கள்.

பலன் இல்லையென்றால் பிளக்குகளைக் கழற்ற வேண்டியதுதான். காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் அவை கைக்கு எட்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், காரை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தாமல் தாங்கியின் மேல் அமர்த்த வேண்டும். கீழே இருப்பவை முதலில் பொறி தரும் லீடிங், மேலே இருப்பவை அடுத்துத் தரும் டிரெய்லிங். இரண்டும் வெவ்வேறு வெப்ப அளவு கொண்ட பிளக்குகள் என்பதால் இடம் மாறக்கூடாது. கழற்றும்போதே துணியில் வரிசையாக வைத்து அடையாளம் இடுங்கள். ஃப்ளட் ஆன எஞ்சினின் பிளக் முனை கறுத்து, பெட்ரோலில் பளபளவென்று நனைந்து வரும். அடுத்ததாக, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, பிளக் துளைகளின்மேல் துணியைத் தளர்வாகப் போர்த்தி, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். துளைகளிலிருந்து பெட்ரோல் புகைபோலப் பீய்ச்சும். ஆகவே இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்; பக்கத்தில் தீப்பொறி எதுவும் கூடாது.

பீய்ச்சல் நின்றதும், ஒவ்வொரு லீடிங் துளையிலும் மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மூன்று பக்கங்களுக்கும் அது பரவும்படி எஞ்சினைச் சற்றே சுற்றிவிடுங்கள். கழுவப்பட்ட படலத்தை நாம் கையால் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான். காய்ந்த பிளக்குகளை, முடிந்தால் புதியவற்றை, மாட்டுங்கள். அலுமினியத்தில் மரை கெடாதிருக்க முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். ஃபியூஸையும் காயில்களையும் இணைத்து ஸ்டார்ட் செய்தால், முதலில் தயங்கித் தயங்கிப் பிடித்து, தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும். பயப்பட வேண்டாம், அது நீங்கள் ஊற்றிய எண்ணெய். வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும் வரை அணைக்காதீர்கள். பெட்ரோல் கலந்துபோன எஞ்சின் ஆயிலை விரைவில் மாற்றிவிடுங்கள்.

காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். செல்ஃப் தராத வேகம் அதில் கிடைப்பதால் எஞ்சின் பிடிக்கவும் கூடும். ஆனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளக்குகள் நனையவே இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள்: ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின் இருக்கையருகே காது வைத்துப் பம்பின் முனகல் கேட்கிறதா என்று பார்க்கலாம். பிளக் நனைந்திருந்தும் பொறி மங்கலாக இருந்தால் காயில்தான். இந்தக் காரில் நான்கு காயில்களும் தேய்மானப் பொருட்களே. ஒன்று போனால் நான்கையும் மாற்றுவதே சிக்கனம்.

குளிர்ந்தபோது ஸ்டார்ட் ஆகி, ஓட்டிவிட்டு பெட்ரோல் போட நிறுத்தினால் மறுபடி பிடிக்காத கார்தான் கவலைக்குரியது. சூட்டில் எண்ணெய் நீர்த்து, தேய்ந்த சீல்கள் தாக்குப்பிடிக்காத நிலை அது. 1960களில் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் பொறியாளர்கள், சீல்கள் சுவரில் இட்ட கோடுகளைப் 'பிசாசின் நகக்கீறல்கள்' என்று அழைத்தார்கள். அந்தச் சீல்களின் மேல்தான் இன்றும் எல்லாம் நிற்கிறது. சீல்களின் நிலையை அறிய, அறையின் அழுத்தத்தை அளக்கும் ரோட்டரிக்கான கம்ப்ரஷன் கருவி தேவை. சாதாரணக் கருவி மூன்று பக்கங்களில் உயர்ந்ததை மட்டுமே பிடித்துக் காட்டும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அதன் வால்வை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்தால் முள் விநாடிக்கு நான்கு தரம் துடிக்கும். அத்துடிப்புகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 250 ஆர்பிஎம்மில் ரெனிசிஸுக்கு மாஸ்டா தரும் அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. மூன்று துடிப்புக்கு ஒன்று தவறாமல் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தின் சீல் போய்விட்டது. எஞ்சினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.