கோபுரத்தில் ஏறுமுன் மணியைக் கணக்குப் பண்ணுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் வடக்கே பத்தாங் காலி, செரண்டா, ரவாங் பக்கமிருந்து கோலாலம்பூருக்குப் போய், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலோ கே.எல். கோபுரத்திலோ ஏறி நகரத்தைப் பார்க்கும் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கோயில் இளைஞர் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம். இரவு திரும்பி வரும்போது கைப்பேசியில் மிஞ்சியிருப்பது வெள்ளைப் புகையும், கண்ணாடியில் விழுந்த சொந்தச் சட்டையும்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆட்கள் மாறுகிறார்கள், தவறு மட்டும் மாறுவதில்லை. தண்ணீர் போத்தல், நடக்க ஏற்ற செருப்பு போன்ற புத்திமதிகளை விட்டுவிடுகிறோம். அவை உங்களுக்கே தெரியும்.

எந்தக் கோபுரம் என்று முடிவு செய்யாமல் கிளம்புவது

இரட்டைக் கோபுரத்தை நகரத்தின் நடுவே நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. அதற்காக இரட்டைக் கோபுரத்துக்கே டிக்கெட் வாங்குகிறார்கள். 86ஆம் மாடிக் காட்சித் தளம் இரண்டாம் கோபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதலாம் கோபுரத்தின் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அது அபூர்வமான காட்சிதான். ஆனால் இரண்டு கோபுரமும் சேர்ந்த படம் அங்கே கிடைக்காது.

அந்தப் படத்துக்கு கே.எல். கோபுரம்தான் சரி. 421 மீட்டர் உயரம். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்பதால் இன்னும் உயரமாகத் தெரியும். கண்ணாடி போட்ட உள்தளம் 276 மீட்டரில், திறந்தவெளித் தளம் 300 மீட்டரில். இரட்டைக் கோபுரம் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, வடகிழக்கில் இருக்கிறது. இந்தத் திசைதான் முக்கியம். மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து கோபுரத்தின் எஃகு மேல் விழும். காலையில் போனால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் நிற்கும். படத்தில் இரண்டு கருநிழல்தான் வரும். 678.9 மீட்டர் மெர்டேகா 118 தெற்குப் பக்கம். பத்துமலைச் சுண்ணாம்புக் குன்று வடக்கே. வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கில் கெந்திங் மலை வரை தெரியும்.

சிறு பிள்ளைகளுக்கு 41ஆம் மாடிப் பாலத்தில் நடந்து பார்ப்பதே பெரிய சந்தோஷம் என்றால் இரட்டைக் கோபுரத்துக்குப் போங்கள். தரையிலிருந்து 170 மீட்டரில் இருக்கும் அந்தப் பாலம் கோபுரங்களோடு இறுக்கிப் பொருத்தப்பட்டதில்லை. காற்றில் கோபுரங்கள் அசைவதற்கேற்ப நகர்ந்து கொடுக்கும்படி கட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு நடக்க வைத்தால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள மணியும் காட்சி தெரியும் மணியும் ஒன்றென்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் எடுபடாத தவறு இது. பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

இரட்டைக் கோபுரத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். அந்த நேரத்துக்குக் குழுவாகச் சேர்த்து, பை சோதனை முடித்து, முதலில் பாலத்துக்கும் பிறகு மேல்தளத்துக்கும் ஊழியர்களே அழைத்துப் போவார்கள். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம்தான். பிறகு இறக்கிவிடுவார்கள். மொத்தமும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். ‘ஐந்தரைக்கு ஏறினால் வெளிச்சத்திலும் பார்க்கலாம், விளக்கு போட்ட பிறகும் பார்க்கலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சூரியன் இறங்கும் முன்பே அவர்கள் கீழே கடைத்தொகுதியில் நிற்பார்கள். “என்னண்ணே, இன்னும் லைட்டே போடலையே, அதுக்குள்ள இறங்கச் சொல்றாங்க?” என்ற கேள்வி ஏற்பாட்டாளரை நோக்கி வரும். அவரிடம் அதற்குப் பதில் இருக்காது.

தாமதமாக வருவது அடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் கிளம்புகிறது. ஆறரை மணிக்கு டிக்கெட். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் போதும் என்பது டிரைவரின் கணக்கு, ஏனென்றால் ஞாயிறு காலையில் அவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மாலையில் ஜாலான் டூத்தா டோலைத் தாண்டிய பிறகு வண்டி நகராது. நகர்ந்தாலும் ஜாலான் அம்பாங்கில் பெரிய பஸ்ஸை நிறுத்த இடமிருக்காது. சுற்றிச் சுற்றி வந்து இறக்கிவிடும்போது மணி ஏழாகிவிடும். குறித்த நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள், பணமும் திரும்பாது. நாற்பது டிக்கெட்டின் காசு. கோயில் நிதியிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதற்கு அடுத்த கூட்டத்தில் யார் பதில் சொல்வது?

கணக்கைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கோலாலம்பூரில் நவம்பர் தொடக்கத்தில் 7 மணியை ஒட்டியும், பிப்ரவரியில் ஏழரையை ஒட்டியும் சூரியன் மறைகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி நீண்டு நிற்காது. மறைந்த பத்தாவது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்தாவது நிமிடம் வரை வானம் அடர்நீலமாக இருக்கும், கட்டடங்களில் விளக்கும் எரிந்திருக்கும். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான். அதற்குப் பிறகு வானம் கறுத்துவிடும். கட்டடங்களின் ஓரம் மறைந்து வெறும் விளக்குப் புள்ளிகள் மிஞ்சும்.

சூரியன் 7.15க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கே.எல். கோபுரத்தில் 6.45க்குக் கண்ணாடி ஓரத்தில் இடம் பிடித்திருக்க வேண்டும். விடுமுறை நாளில் கவுண்டர், சோதனை, லிப்ட் வரிசை எல்லாவற்றுக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் 6 மணிக்குக் கோபுர வாசலில் நிற்க வேண்டும். டாங் வாங்கி ஸ்டேஷனிலிருந்து குன்றேறி வர, வயதானவர்களோடு என்றால், அரை மணி நேரம். அதாவது 5.30க்கு டாங் வாங்கி. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கோம்பாக் போகும் எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் அது. ஆனால் நாம் வந்து இறங்கும் கொமுட்டர் புறநகர் ரயில் மேடையிலிருந்து நடந்து, டோக்கன் வாங்கி, ரயிலுக்குக் காத்திருந்து என்று அரை மணி நேரம் போய்விடும். ஆகவே 5 மணிக்கு கே.எல். சென்ட்ரல். பத்தாங் காலியிலிருந்து கொமுட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், ரவாங்கைத் தாண்டிய நம் பக்கம் ரயில்கள் குறைவு. மூன்றரை மணி ரயிலைப் பிடித்தால் பதற்றமில்லை. அடுத்த ரயில் என்று உட்கார்ந்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

கே.எல். கோபுரத்தில் இன்னொரு வசதி, மேலே போனவர்களை உடனே இறக்கிவிட மாட்டார்கள். மாலையையும் இரவையும் ஒரே டிக்கெட்டில் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். இரட்டைக் கோபுரம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், சூரியன் மறையும் நேரத்துக்கு அரை மணி முன்பு தொடங்கும் டிக்கெட்டை எடுங்கள். அந்த நேரங்கள்தான் முதலில் விற்றுத் தீரும். பெரிய குழுவுக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைக்காமல் இரண்டு மூன்று நேரமாகப் பிரிந்தும் போகலாம். பஸ் பேசுவதற்கு முன் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். நம் ஆட்கள் செய்வது தலைகீழ். பஸ்ஸுக்கு முன்பணம் கட்டி, சட்டை அச்சடித்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, கடைசியில்தான் டிக்கெட்டைப் பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை

இரட்டைக் கோபுரக் காட்சித் தளம் மூடியிருக்கும்.

வானத்தைப் பார்க்காமல் ரயில் ஏறுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராவில் எரியும் காட்டுப் புகை தென்மேற்குக் காற்றோடு இங்கே வரக்கூடும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50க்குள் இருந்தால் நல்லது, 100 வரை மிதமானது. 100ஐத் தாண்டினால் மூச்சுக்கே ஆகாது, காட்சிக்கு எங்கே? ஆனால் மிதமான நாளிலும் தூரத்து மலை தெரியாமல் போகலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்றிருக்கிறது. பத்தாங் காலியில் நின்று கிழக்கே பாருங்கள். கெந்திங் பக்கத்து மலைமுகட்டில் மரங்களின் பச்சை தெரிந்தால் தாராளமாகப் போகலாம். சாம்பல் நிறத்தில் வெறும் கோடாகத் தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அதுவும் தெரியாவிட்டால் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள், செலவு மிச்சம்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். மழைக்குப் பயந்து ரத்து செய்பவர்கள் நல்ல நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான்கு மணிக்குக் கொட்டி ஐந்தரைக்கு விட்ட மழை காற்றைக் கழுவிவிடும், ஆண்டிலேயே தெளிவான மாலைகள் பல அப்படித்தான் அமைகின்றன. மழையோ மின்னலோ இருக்கும்போது கே.எல். கோபுரத்தின் திறந்தவெளித் தளத்தை மூடிவிடுவார்கள். எனவே அந்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காமல், கோபுர வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்வது புத்திசாலித்தனம். கீழே நிற்கும்போதே கோபுர உச்சி மேகத்துக்குள் இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டாம். மேலே போனாலும் மேகத்தின் உள்பக்கம்தான் தெரியும்.

மைகார்ட் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவது

மலேசியர் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் வேறு வேறு. அட்டையில்லாமல் முகத்தைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மைகிட்.

மஞ்சள் சட்டை

குழுவாகப் போனால் எல்லாருக்கும் பளிச்சென்ற மஞ்சளில் ஒரே சட்டை. கூட்டத்தில் ஆளைத் தேட வசதிதான். ஆனால் இருட்டிய பிறகு உள்தள விளக்கு அந்தச் சட்டைகளில் பட்டு முழுவதும் கண்ணாடியில் திரும்பும். எடுத்த படத்தில் இரட்டைக் கோபுரத்தின் நடுவே ‘குடும்ப தினம்’ என்ற எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். படம் எடுப்பவர் மட்டுமாவது கறுப்போ கருநீலமோ போடட்டும்.

லென்ஸைத் துடைத்துவிட்டு, கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் பின்னால் எரியும் விளக்கு படத்துக்குள் வந்துவிடும். கண்ணாடி சாய்ந்திருக்கும் இடத்தில் முழுதாக ஒட்டாது. அங்கே ஒரு கறுப்பு ஜாக்கெட்டையோ துண்டையோ கைப்பேசியைச் சுற்றிப் பிடிக்கலாம். அகலமாக எடுக்கும் லென்ஸ் ஓரத்துப் பிரதிபலிப்பையும் சேர்த்து விழுங்கும், ஆகவே சாதாரண லென்ஸே போதும். திரையில் விளக்கெரியும் கட்டடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஜன்னல் விளக்குகள் வெளுத்துப் போகாமல் தனித்தனியாக நிற்கும். இரவு முறையில் இரண்டு மூன்று வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் சாய்த்திருப்பதால் அதுவே தாங்கிக் கொள்ளும்.

ப்ளாஷ்

அணைத்து வையுங்கள்.

தாப்பாவ் சாப்பாட்டுப் பொட்டலம்

இரட்டைக் கோபுரத்தில் சாப்பாடும் பெரிய பையும் மேலே போகாது. சோதனையில் எடுத்து வைக்கச் சொன்ன பிறகு நாசி லெமாக்கை நின்றுகொண்டே விழுங்குவதில் அர்த்தமில்லை. கோபுரத்தடியில் இருக்கும் கே.எல்.சி.சி. பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடைசி கொமுட்டர்

எட்டு மணிக்குக் கீழே இறங்கி, நீரூற்றையும் பார்த்துவிட்டு, கடைகளையும் சுற்றிவிட்டு வருபவர்கள் கே.எல். சென்ட்ரலில் ரவாங் வரை மட்டும் போகும் ரயிலில் ஏறிவிடுகிறார்கள். ஏறும் முன் பலகையில், நம் ஊரைத் தாண்டிப் போகும் தஞ்சோங் மாலிம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புறப்படும் காலையிலேயே அன்றைய கடைசி ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ரயிலுக்குத் திட்டமிடுங்கள். தவறவிட்டால் ரவாங்கிலிருந்து பத்தாங் காலிக்கு இரவில் வாடகைக் கார்தான்.