ஆறு, ஏழு, எட்டு: கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

"ஏனுங்க சார், எட்டாவது வரைக்கும் நல்லாத்தானுங்க மார்க் வாங்கிட்டு இருந்தான். ஒம்பதாவது போனதும் கணக்குல மட்டும் இப்படி ஆயிருச்சுங்களே?"

கொங்கு நாட்டுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பின் முதல் தேர்வுத் தாள் வீட்டுக்குப் போனதும் கிளம்பும் கேள்வி இது. ஒன்பதாவதில் புதிதாக எதுவும் ஆகியிருக்காது. ஆறாவதிலோ ஏழாவதிலோ விட்டது அங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்தி வைப்பதில்லை. நிறுத்தி வைத்தால் பிள்ளை பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போய்விடும் என்பதால் நான் இதை ஆதரிப்பவன். ஆனால் வகுப்பு ஏறியதையே பாடம் ஏறியதாக எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் தவறு தொடங்குகிறது.

அடுத்தது, ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தை ஏனோதானோவென்று கடத்துவது. 2018-ல் வந்த சமச்சீர்ப் பாடநூலில் பின்னங்களும் முழுக்களும் (−2, −1, 0, 1, 2 போன்ற எண்கள்) அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, விளையாட்டு விழா என்று நாட்கள் கரையும் பருவம் அது. பங்குனி வந்தால் பண்ணாரி குண்டம் (தீமிதி), ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. மீதி நாட்களில் பாடத்தை ஓட்டிவிட்டு ஆண்டுத் தேர்வு எழுதியதும் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஜூனில் ஏழாவது புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் இதில் தப்பவில்லை. 2024-ல் வந்த ஆறாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் முழுக்கள்தான் கடைசிப் பாடம்.

இந்த முழுக்களில் நடக்கும் கூத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். −3 − 5 எவ்வளவு என்று எட்டாவது படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். "எட்டுங்க சார்" என்று சட்டென வரும். ஏன் என்றால், "மைனஸும் மைனஸும் ப்ளஸ்". பெருக்கலுக்குச் சொன்ன விதியைப் பிள்ளை கூட்டலுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிகிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. "பெருக்கும்போது" என்ற சொல்லை விழுங்கிவிட்டு விதியைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். மளிகைக் கடையில் மூன்று ரூபாய் பாக்கி, இன்னும் ஐந்து ரூபாய்க்குப் பாக்கி வைத்தால் கையில் எட்டு ரூபாய் வந்துவிடுமா என்று கேட்டால் பிள்ளையே சிரித்துவிடும். அப்புறம் எண்கோட்டில் நாலு கணக்குப் போட வைத்தால் சரியாகிவிடும். விதியை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பின்னத்திலும் இதே கதைதான். 1/2 + 1/3 = 2/5 என்று மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி வைப்பார்கள். "தப்பு, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு" என்று சொல்லித் திருத்துவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமா கண்ணு?" என்று ஒரு கேள்வி கேட்டால் விடையைத் தானே சந்தேகப்படும் பழக்கம் வரும். இதே பின்னக் கூட்டல்தான் பத்தாம் வகுப்பில், எண்ணுக்குப் பதில் எக்ஸ் போன்ற எழுத்துகளோடு, விகிதமுறு கோவைகள் என்ற பெயரில் திரும்ப வருகிறது.

தசமத்துக்கு நாமக்கல் முட்டை விலையைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. செய்தியில் காசுக் கணக்கில் சொல்வார்கள். 505 காசு என்றால் எத்தனை ரூபாய் என்று எழுதச் சொல்லுங்கள். 5.5 என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு இட மதிப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 0.45, 0.5 இரண்டில் எது பெரிது என்றால் 0.45 என்று சொல்வதும் அதே பிள்ளையாகத்தான் இருக்கும்.

சமன்பாட்டில் "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்ற மந்திரம். 3எக்ஸ் = 12 என்று கொடுத்தால் எக்ஸ் = 12 − 3, அதாவது 9 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. இருபுறமும் ஒரே எண்ணால் வகுக்கிறோம் என்பதை நாலு வாரம் முழுசாக எழுத வைக்காமல் குறுக்கு வழிக்குத் தாவியதன் பலன் இது. வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் 27 வரும், 12 வராது. சரிபார்க்கும் அந்த ஒரு வரியை எழுத ஆகும் நேரம் பத்து நொடிதான். தேர்வில் அதற்கு மார்க் இல்லை என்பதால் யாரும் எழுத வைப்பதில்லை.

ஏழாவதின் மூன்றாம் பருவத்தில் தனிவட்டி வருகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் சறுக்கும் இடமே தனி. வீட்டில் "நூத்துக்கு ரெண்டு ரூவா வட்டி" என்று காதில் விழுந்திருக்கும். அது மாத வட்டி. புத்தகத்தில் இருப்பது ஆண்டு வீதம். பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், சூத்திரத்தில் 2-ஐப் போட்டு 200 என்று விடை சொல்லும். கடன் கொடுத்தவர் முதல் மாதமே அந்த 200-ஐ வாங்கிவிடுவார். வருஷத்துக்கு 2,400, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து பெற்றோரோடு போட வேண்டும். பெற்றோருக்கும் உதவும்.

நேர்விகிதம், எதிர்விகிதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களையெடுக்க 6 ஆளுக்கு 4 நாள் என்றால் 8 ஆளுக்கு எத்தனை நாள்? ஆள் கூடினால் நாள் கூடுமா குறையுமா என்று பேனாவை எடுக்கும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். மூன்று நாள் என்பது அப்புறம் தானாக வரும்.

இத்தனை ஓட்டையையும் வைத்துக்கொண்டு ஆறாவதிலேயே நீட், ஜே.இ.இ.க்கு இப்போதே தயார் செய்கிறோம் என்று நடத்தும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்ப்பதுதான் எனக்கு ஆகாதது. ஒன்பதாவதில் பத்தாவது பாடம், பதினொன்றில் பன்னிரண்டு பாடம் என்று நடத்திப் பழகிய ஊர் நம்முடையது. அது இப்போது கீழே இறங்கி வந்திருக்கிறது. ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர் என்று டிசம்பர் 22 தோறும் மேடையில் சொல்லிக்கொள்கிறோம். சரி, அவர் வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். ஏழாம் வகுப்புப் பின்னம் தெரிந்த பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் வகுப்பு நல்லதுதான். தெரியாத பிள்ளை அங்கே போய்ச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும். சேர்ப்பதற்கு முன் போன வருஷத் தேர்வுத் தாளை எடுத்து, மார்க்கை விட்டுவிட்டு, எந்தெந்தக் கணக்கு தப்பாகியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பெற்றோருக்கு இன்னொன்று. எட்டாவதில் வரும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வைக் கடைசி மாதத்தில் கைடு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது தவறு. அதில் ஒரு தாளான படிப்பறிவுத் தாளின் 90 கேள்விகளில் 20 கணக்கு. அவற்றில் ஏழாம் வகுப்புப் பாடமும் உண்டு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அதனால் எட்டாவது தொடங்கியதுமே வகுப்பாசிரியரிடம் சொல்லி வைத்துவிட்டு, ஏழாவது புத்தகம் மூன்று பருவத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.