கேமரன் மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை வந்தால் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் கராவோக்கே சத்தம் நள்ளிரவு வரை ஓயாது. விடியலில் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பாவம், எப்படித் தூங்குவார்கள்?

ஸ்பீக்கரை வெளியே வைக்க விடாதீர்கள். வீட்டுக்குள், தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். முதலில் பேஸைக் குறையுங்கள்; அந்தத் தாழ்ந்த அதிர்வுதான் சுவரையும் கண்ணாடியையும் எளிதாகக் கடக்கும், திரைச்சீலைக்கு அடங்காது. காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்குவதால் சத்தம் பகலைவிடத் தூரம் போகும்.

சாலை இரைச்சலுக்கே இரவில் 45 டெசிபெல்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த வரம்பு. வேலியோரம் நின்று கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளந்து பாருங்கள்.

இரவு 10 மணியோடு பாட்டு நிற்கும் என்பதை முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் தமிழிலும் மலாயிலும் அனுப்பிவிடுங்கள்.