கோணம் மூடாத ட்ராவர்ஸும் காற்றில் வளைந்த நூலும்

நிலத்தடி ட்ராவர்ஸ் ஒன்று (புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்துகொண்டே போகும் நில அளவை) மூடாமல், அதாவது முடிவில் கணக்கு பொருந்தாமல், என்னைப் பாடாய்ப் படுத்தியது. தூரங்கள் பொருந்தின, கோணத்தில்தான் இடித்தது. அதனால் பிரிசம் மாறிலியை (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்கான தூரத் திருத்தம்) சந்தேகிக்க இடமில்லை. அது தூரத்தைத்தான் கெடுக்கும். இடமுகம், வலமுகம் என்று தொலைநோக்கியைப் புரட்டி இரண்டிலும் அளந்து சராசரி எடுத்திருந்ததால் கோலிமேஷன் பிழையும் (பார்வைக் கோடு சற்றே சாய்ந்திருப்பது) இல்லை.

திருப்பத்தில் ஒரு குட்டையான லெக் (இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோடு) இருந்தது, சுமார் 20 மீட்டர். அந்தத் தூரத்தில் குறி 1 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலே திசை 10 விநாடி (கோண விநாடி) மாறிவிடும். அதே திசையில் 500 மீட்டர் போனால் 25 மி.மீ. விலகல்! புள்ளியைக் குறிக்கும் கூரை ஆணியிலிருந்து தொங்கிய தூக்குக்குண்டின் நூலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கத்திலேயே காற்றோட்டக் குழாயின் வாய். நூல் ஆடவில்லை, ஒரு பக்கமாக வளைந்தே நின்றது. ஆடினால் சட்டென்று தெரிந்துவிடும், இது தெரியாது.

விசிறியை நிறுத்தச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம், உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுவதே அதை நம்பித்தான். கனமான குண்டும் மெல்லிய நூலுமாக மாற்றி, குண்டைத் தண்ணீர் வாளியில் முக்கினேன். வாளி ஆட்டத்தை மட்டும்தான் தணிக்கும், காற்றின் தள்ளலை நிறுத்தாது. அதற்குத் தார்ப்பாய் மறைப்பு கட்டினோம். அப்புறம் மூன்று ட்ரைபாட் வைத்து, ட்ரைப்ராக்கை (ட்ரைபாட் மேல் கருவியைத் தாங்கும் அடித்தட்டு) அசைக்காமல் கருவியையும் பிரிசத்தையும் மட்டும் இடம் மாற்றி, அந்த லெக்கை மறுபடி அளந்தோம். கோணம் அனுமதித்த அளவுக்குள் மூடியது.

குட்டையான லெக் தவிர்க்க முடியாத இடம் என்றால், இப்போதெல்லாம் மூன்றாவது ட்ரைபாட் இல்லாமல் நான் இறங்குவதில்லை.